உதவி பிச்சையன்று!

தில்லை வாயிலில் நந்தன் தடுக்கப்பட்ட கதையை நாடறியும். அன்று தடுத்தது சாதி. அதே சிதம்பரத்தில், கல்லூரி வாயிலில் நம் காலத்தில் தடுத்தது எது? காசு!

1929இல் எழுந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு ஏற்றது. ஏற்ற பின்னும் அதன் மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். ஆண்டுக் கட்டணம் 5 இலட்சத்தைத் தாண்டி நின்றது. பெயர் அரசினது, பசி வணிகனது! 2020 டிசம்பரில் மாணவர் அறப்போர் தொடுத்தனர். 2021இல் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரியாயிற்று; கட்டணம் 13,610 ரூபாயாக இறங்கிற்று. இறக்கியது கருணையன்று, கிளர்ச்சி!

"உதவித் திட்டங்கள் இல்லையா?" என்பர். உண்டு. ஆதிதிராவிடர்க்கும் பிற்படுத்தப்பட்டோர்க்கும் உதவித்தொகை உண்டு. முதல் தலைமுறைப் பட்டதாரிக்கு 2010இல் தொழிற்கல்விக் கட்டணச் சலுகை வந்தது. அரசுப் பள்ளியில் பயின்றோர்க்கு மாதம் 1,000 ரூபாய் என 2022இல் புதுமைப் பெண்ணும், 2024இல் தமிழ்ப் புதல்வனும் வந்தன. வரவேற்கிறோம்!

ஆயின், கடலூர்க் கரையில் வலை இழுக்கும் தந்தைக்கு இவற்றை எடுத்துரைப்பார் யார்? வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று என்று அவர் படியேறி இறங்குவதற்குள் கட்டண நாள் கடந்துவிடுகிறது. அப்போது வங்கி அழைக்கிறது, கடன் தர! கடன் உதவியாகுமா? நாளைய ஊதியத்தை இன்றே அடகு வைப்பதன்றோ அது!

நாம் கேட்பது இதுதான்: சேர்க்கைச் சீட்டைத் தரும் கையே உதவி விண்ணப்பத்தையும் தரட்டும். தொகை வரும்வரை கட்டணம் காத்திருக்கட்டும்.

மாணவத் தோழர்களே! அத்தொகை உங்கள் பெற்றோர் செலுத்திய வரி. உரிமையெனக் கேளுங்கள்!