பக்கத்துப் பள்ளி யாருக்கு?

பசித்த பிள்ளைக்குப் படிப்பு ஏறாது என்று கண்டபோது, நம் தமிழகம் அந்தப் பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்பவில்லை. பள்ளிக்கூடத்துக்கே சோற்றைக் கொண்டு வந்தது. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த சர் பிட்டி தியாகராயர் ஆயிரம் விளக்குப் பள்ளியில் அதைத் தொடங்கி வைத்தார். பெருந்தலைவர் காமராசர் மாநிலமெங்கும் பரப்பினார். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரிவாக்கினார். உடுக்க நல்ல துணி இல்லையா, சீருடை வந்தது. பேருந்துக்குக் காசு இல்லையா, இலவசப் பயண அட்டை வந்தது. ஒவ்வொரு முறையும் பெரியவர்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: பிள்ளை வருவதற்குத் தடை எது? அதை எப்படி நீக்குவது?

ஆனால் நடக்க இயலாத ஒரு பிள்ளையோ, பேச்சுத் தெளியாத ஒரு பிள்ளையோ, மெல்லக் கற்கும் ஒரு பிள்ளையோ வாசலில் வந்து நிற்கும்போது மட்டும் கேள்வி மாறிவிடுகிறது. "இந்தப் பிள்ளைக்கு நம் பள்ளி சரிப்படுமா?" என்கிறோம். தடையைப் பார்க்க வேண்டிய கண் பிள்ளையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறது. இது முறைதானா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

சுமப்பவர் யார்?

இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் நம் வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். தந்தை துறைமுகத்திலோ கடலிலோ ஆலையிலோ இருப்பார். தாய் மீன் கூடையோடு விடியுமுன் கிளம்பிவிடுவாள். இப்படிப்பட்ட வீட்டில் மூளை முடக்குவாதத்தோடு ஒரு குழந்தை பிறந்தால், மூன்று வயது வரை இடுப்பில் தூக்கிக்கொண்டு போகலாம். பத்து வயதுப் பிள்ளையை யார் தூக்குவது? கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் எண்ணூர் சாலையை எப்படிக் கடப்பது?

உதவி செய்யும் நிலையங்கள் நம் நகரில் இல்லாமல் இல்லை. கோட்டூர்புரத்தில் வித்யாசாகர் இருக்கிறது. அடையாற்றில் பார்வையற்ற, காது கேளாத பிள்ளைகளுக்கான புனித லூயி நிறுவனம் இருக்கிறது. கலைஞர் கருணாநிதி நகரில் அரசு புனர்வாழ்வு மருத்துவமனையும், முட்டுக்காட்டில் மத்திய அரசின் தேசிய நிறுவனமும் உள்ளன. எல்லாம் நல்ல இடங்களே. ஆனால் எல்லாம் நகரின் தென்பக்கம். எண்ணூரிலிருந்து முட்டுக்காடு நாற்பது கிலோமீட்டருக்கும் மேல். உடற்பயிற்சி சிகிச்சையோ ஒரு நாளோடு முடிவதில்லை. வாரந்தோறும், ஆண்டுக்கணக்கில் தொடர வேண்டும். போகும் ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி போய்விடும். அன்பு குறைந்ததால் அல்ல, அலைய முடியாததால்தான் பல பெற்றோர் ஓய்ந்துபோகிறார்கள்.

அப்படி ஓய்ந்தபின் அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார்? பெரும்பாலும் அக்காள்தான். அம்மா சந்தைக்குப் போன நாளில் அவள் பள்ளிக்கு வருவதில்லை. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று மட்டுமே இருக்கும். ஏன் வரவில்லை என்று இராது. தம்பிக்கோ தங்கைக்கோ ஒரு பள்ளி கதவைச் சாத்தும்போது, இன்னொரு பள்ளியில் அக்காளின் படிப்பும் சேர்ந்தே தடைப்படுகிறது. பெண்கள் பள்ளியில் படிக்கும் நாம் இதைப் பற்றிப் பேசாமல் வேறு யார் பேசுவார்கள்?

இத்தனைக்கும் மேலே அக்கம்பக்கத்தாரின் வாய் வேறு. "யார் செய்த பாவமோ?" என்று தாயின் காதுபடவே சொல்கிறார்கள். பிறவியிலேயே பார்வையற்ற ஒருவனைக் காட்டிச் சீடர்களும் இதையேதான் இயேசுவிடம் கேட்டார்கள். அவனுடைய பாவமும் அல்ல, அவன் பெற்றோரின் பாவமும் அல்ல என்று அவர் தெளிவாகச் சொல்லிவிட்டார். ஆகவே கிறிஸ்தவப் பள்ளியில் படிக்கும் நமக்கு இந்தப் பேச்சு ஒருபோதும் தகாது.

சலுகை அல்ல, உரிமை

1972இல் பம்பாயில் மிது ஆலூர், தம் மகள் மாலினியைப் போன்ற பிள்ளைகளுக்காக ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கினார். 1985இல் நம் சென்னையில் பூனம் நடராஜன் தொடங்கியதே பின்னாளில் வித்யாசாகர் ஆயிற்று. அவரும் குறைபாடுள்ள மகனை வளர்த்த தாய். இந்த அன்னையரை நாம் வணங்குகிறோம். ஆனால் பிள்ளையைப் படிக்க வைக்க ஒவ்வொரு தாயும் ஒரு நிறுவனம் தொடங்க முடியுமா? காசிமேட்டுத் தாய்க்குத் தேவை, தன் தெருவுக்கு அருகில் ஒரு பள்ளி, அவ்வளவே.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைக் கணக்கில் கொள்கிறது. அவற்றுள் 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ள பிள்ளைக்கு, 6 முதல் 18 வயது வரை, அருகிலுள்ள பள்ளியிலோ, விரும்பினால் சிறப்புப் பள்ளியிலோ இலவசமாகப் படிக்கும் உரிமை உண்டு. சிறுபான்மையினர் பள்ளிகளுக்குக் கல்வி உரிமைச் சட்டம் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2014இல் தீர்ப்பளித்தது. ஆனால் 2016ஆம் ஆண்டுச் சட்டம் பேசுவது அரசின் நிதியோ அங்கீகாரமோ பெற்ற எல்லாக் கல்வி நிறுவனங்களையும் பற்றி. எனவே நம்மைப் போன்ற பள்ளிகள் ஒதுங்கி நிற்க வழியில்லை. சட்டம் இல்லாவிட்டாலும் ஒதுங்கி நிற்பது நமக்கு அழகா?

மறுப்புகளுக்கு மறுமொழி

"ஒரு பிள்ளைக்காக நாற்பது பேரின் படிப்புக் கெடாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். மெதுவாகச் சொல்லி, எழுதிக் காட்டி, படம் வரைந்து நடத்தும் பாடம் அந்த ஒரு பிள்ளைக்கு மட்டுமா விளங்கும்? பின் வரிசையில் புரியாமல் விழிக்கும் பத்துப் பேருக்கும் சேர்த்தே விளங்கும்.

"பயிற்சி பெற்ற ஆசிரியர் இல்லையே!" என்பது நியாயமான கவலை. உச்ச நீதிமன்றமே 2021இல் இதில் தலையிட்டது. இத்தகைய மாணவர்களில் தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கும், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கும் ஒரு சிறப்பாசிரியர் வேண்டும் என்றது. அதைக் கேட்டுப் பெறுவது நிர்வாகத்தின் கடமை. கேட்கச் சொல்வது பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் கடமை.

"சிறப்புப் பள்ளிதானே அவர்களுக்கு நல்லது?" என்பாரும் உண்டு. சிலருக்கு நல்லதே. சைகை மொழியில் பேசி மகிழும் காது கேளாத பிள்ளைக்குத் தன்னைப் போன்ற தோழர் பலர் வேண்டும். அந்தப் பள்ளிகளின் தொண்டை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. பக்கத்துப் பள்ளி கதவைச் சாத்தியதால் தொலைவில் உள்ள பள்ளிக்குப் போவதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

செய்யக் கூடியவை

காசில்லாமலே பல செய்யலாம். சக்கர நாற்காலியில் வரும் மாணவியின் வகுப்பை மாடியிலிருந்து கீழ்த்தளத்துக்கு மாற்றலாம். சரியாகக் காது கேளாதவளை முதல் பெஞ்சில் உட்கார வைக்கலாம். பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவர், கூடுதலாக ஒரு மணி நேரம், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகிய சலுகைகளைத் தகுதியுள்ளோருக்குத் தேர்வுத் துறை வழங்குகிறது. உரிய காலத்தில் விண்ணப்பித்தால் போதும். சிறிது செலவு செய்தால் சாய்தளம் அமைக்கலாம். ஓர் அடி உயரப் படிக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்குக் குறைந்தால் நாற்காலி சறுக்கும். கழிவறைக்கு அகலமான கதவும் கைப்பிடியும் கட்டாயம் தேவை. அவை இல்லாமல் எத்தனையோ பெண் பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார்கள்.

நம் வட்டாரமும் மெல்ல மாறி வருகிறது. 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ இரயில் வந்தது. அதன் நிலையங்களில் மின்தூக்கி உண்டு. 2025 ஜூனில் வியாசர்பாடி பணிமனையிலிருந்து தாழ்தள மின்சாரப் பேருந்துகள் 120 புறப்பட்டன. சாலை இடங்கொடுக்கத் தொடங்கிய பின்னும் பள்ளியின் வாசற்படி உயர்ந்தே நிற்கலாமா?

அன்புத் தோழியரே! நம் தெருவில் எந்த வீட்டுப் பிள்ளை பள்ளிக்கு வராமல் இருக்கிறது என்பது அரசுக் கணக்குக்கு முன்பே நமக்குத் தெரியும். அடுத்த ஆண்டுச் சேர்க்கை தொடங்குமுன் அந்தப் பெயர்களைத் தலைமை ஆசிரியையிடம் எழுதிக் கொடுப்போம். அவர்கள் வந்து சேரும் நாளில் பரிதாபப்பட்டு வேடிக்கை பார்க்காமல், பெஞ்சில் சற்றே நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுப்போமாக!