பிடுங்குவது மட்டும்தான் நமக்கான வைத்தியமா?

"இந்த ஜனங்களுக்குப் பல் ஆஸ்பத்திரி என்றாலே பயம். முற்றிய பிறகுதான் வருவார்கள்." சேரியில் ஒருநாள் முகாம் போட்டு, பேனர் கட்டி, படம் எடுத்துக்கொண்டு போகிறவர்கள் தவறாமல் சொல்லும் வசனம் இது. நம்மில் படித்து வேலைக்குப் போனவர்களும் இதையே திருப்பிச் சொல்கிறார்கள். பயப்படுகிறவர்களையே குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சை முதலில் நிறுத்துங்கள். நம் பிள்ளைகள் பிறக்கும்போதே இந்தப் பயத்தோடு பிறக்கவில்லை. அது உண்டாக்கப்பட்டது.

எப்படி? நெடுங்காடு, நிரவி கொம்யூன்களின் தெருக்களில் வேலை செய்கிற நான் அடிக்கடி கேட்கிற கதை ஒன்றுதான். பல் சொத்தை என்று தெரியும், காட்டக் காசில்லை. கன்னம் வீங்கி, ராத்திரியெல்லாம் பிள்ளை அழுத பிறகு தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். இரண்டு பேர் கையைப் பிடிக்க, ஒருவர் தலையை அழுத்த, "கத்துனா இன்னும் பெரிய ஊசி போடுவேன்" என்ற மிரட்டலோடு பல் பிடுங்கப்படுகிறது. அடுத்த முறை வலித்தால் அந்தப் பிள்ளை சொல்லுமா? மறைக்கும். இதில் அறியாமை எங்கே இருக்கிறது?

சேரிப் பிள்ளைகளின் கோளாறு என்று இன்னும் நினைப்பவர்கள் நியூசிலாந்தைப் பார்க்கட்டும். 1921லேயே பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பல் செவிலியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய நாடு அது. அங்கே படித்த பிள்ளைகள் பள்ளிப் பல் கிளினிக்குக்கு வைத்த பட்டப்பெயர் 'கொலை வீடு'. மரத்துப்போக ஊசி போடாமல், காலால் மிதித்து ஓட்டும் எந்திரத்தால் பல்லைக் குடைந்தால் எந்த நாட்டுப் பிள்ளைதான் பயப்படாது?

குடையாமலே சொத்தையை நிறுத்த இன்று வழி இருக்கிறது. சில்வர் டயமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சிறு தூரிகையால் சொத்தையில் தடவினால் பெரும்பாலும் அது மேலே பரவாமல் நிற்கும். தடவிய இடம் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி எடுத்து, கிளாஸ் அயனோமர் சிமெண்டால் அடைக்கவும் செய்யலாம். அதற்கு மின்சாரம்கூட வேண்டாம். இந்த இரண்டு பொருளையும் உலக சுகாதார நிறுவனம் 2021இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது. சீழ் பிடித்து வீங்கிய பல்லுக்கு இவை உதவாது. அதனால்தான் வலி வருவதற்கு முன்பே பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்கிறோம்.

பெரியவர்களின் ஈறு நோய் இன்னும் மோசமான கதை. அது ஆரம்பத்தில் வலிப்பதே இல்லை. பல் விளக்கும்போது ரத்தம் வரும், வாய் நாறும், பிறகு பல் ஆடும். சர்க்கரை நோயும் புகையிலையும் அதை வேகப்படுத்தும். ஈறு கெட்டால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் கடினமாகும். கடுமையான ஈறு நோய் உலகில் சுமார் 100 கோடிப் பேருக்கு இருக்கிறது என்று அதே நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டு அறிக்கை சொல்கிறது. ஆனால் நம் அக்காவோ பெரியப்பாவோ போய் உட்கார்ந்தால் முதலில் கேட்கப்படுவது, "பல்லே விளக்க மாட்டீங்களா?" என்பதுதான். நம்மை அசுத்தமானவர்கள் என்று காலங்காலமாகச் சொல்லிவந்த நாக்கு, டாக்டர் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்று பேசும்போது மட்டும் அறிவியலாகிவிடுமா? ஒருமுறை அவமானப்பட்டவர் மறுமுறை போகமாட்டார்.

போக நினைத்தாலும் எங்கே போவது? புதுச்சேரி அரசின் பல் மருத்துவக் கல்லூரி காரைக்காலிலிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளிப் புதுச்சேரியில் இருக்கிறது. தமிழ்நாட்டைக் கடந்துதான் நம் சொந்த அரசின் கல்லூரிக்கே போக வேண்டும். வழியில் சிதம்பரத்தில் இருக்கும் கல்லூரி தமிழ்நாட்டு அரசுடையது. முற்றிய ஈறு நோய்க்குப் பலமுறை போய் வேருக்கடியில் சுத்தம் செய்ய வேண்டும், அதற்குப் பிறகும் சில மாதங்களுக்கு ஒருமுறை காட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு நாள் கூலி போகும். பிடுங்கினால் ஒரே நாளில் முடிந்துவிடும். கூலிக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? 5 லட்ச ரூபாய் ஆயுஷ்மான் பாரத் அட்டையும் இதற்கு உதவாது. அது படுக்கையில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்குத்தான். பல் அடைப்பதும் ஈறு சுத்தம் செய்வதும் புறநோயாளி வைத்தியம்.

சிறப்புக் கூறு நிதி என்றால் சமுதாயக் கூடமும் சிமெண்ட் ரோடும்தான் என்று யார் எழுதி வைத்தது? அந்த நிதியிலிருந்து காரைக்கால் மாவட்டத்தின் ஒவ்வொரு கொம்யூனுக்கும் நிரந்தரப் பல் மருத்துவரும் பல் சுகாதார உதவியாளரும் வேண்டும். அரசுப் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஆண்டுக்கு இரண்டு முறை பரிசோதனை வேண்டும். சர்க்கரை மாத்திரை வாங்க வருகிறவர்களின் ஈறையும் அதே நாளில் பார்க்க வேண்டும். கூலி வேலைக்குப் போகிறவர்களுக்காக மாலை நேரத்திலும் வைத்தியம் வேண்டும்.

இதையெல்லாம் செய்துவிட்டு, அதற்குப் பிறகும் நம் ஜனங்கள் வரவில்லை என்றால், அப்போது வந்து பயத்தைப் பற்றிப் பேசுங்கள்.