சரவெடிக்கு ஒரு நியாயம்

வெடிச் சத்தத்துக்குச் சர்க்காரிடம் கணக்கு இருக்கிறது. வெடிக்கிற இடத்திலிருந்து நாலு மீட்டர் தள்ளி அளந்தால் 125 டெசிபலைத் தாண்டக் கூடாதென்று 1999-லேயே விதி செய்துவிட்டார்கள். சிவகாசியை ஒட்டிய எங்கள் விஸ்வநத்தத்தில் இந்தக் கணக்கை மறந்துவிட்டு யாரும் பட்டாசுத் தொழில் செய்ய முடியாது. ஆனால், அந்தத் தொழிலாளியின் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டு ராத்திரி ஒன்பதரை மணிக்கு அலறுகிறதே டெலிவிஷன் பெட்டி, அதற்குக் கணக்கு எங்கே?

தொடர்கதையில் கதாநாயகி விசும்புகிறாள். என்ன சொல்கிறாள் என்று பாட்டிக்குக் கேட்கவில்லை, சத்தத்தைக் கூட்டுகிறோம். அவள் பேசி முடிப்பதற்குள் சலவைத் தூள்காரன் வந்து கூரையைப் பிய்க்கிறான். தொட்டிலில் குழந்தை வீரிட்டு அழுகிறது. குறைத்தால் மறுபடி கதாநாயகி ஊமை!

சினிமாவை நான் குறை சொல்ல மாட்டேன். கொட்டகைக்காகச் சேர்த்த ஒலி அது. ரகசியம் ரகசியமாகவும் சண்டை சண்டையாகவும் அங்கே கேட்க வேண்டும். வீட்டுக்கு ஒத்துவராது என்றால், பல பெட்டிகளில் அதைச் சமப்படுத்த ஓர் ஏற்பாடு இருக்கிறது, தேடிப் போட்டுக்கொள்ளலாம். விளம்பரத்தின் சமாசாரம் வேறு. அது தெரிந்தே செய்கிற காரியம்.

எப்படிச் செய்கிறார்கள்? எங்கள் ஊர்ப் பாஷையில் சொல்லிவிடலாம். ஒற்றை வெடி ஒரு முறை அதிர்ந்து ஓய்ந்துவிடும். சரவெடியில் ஒவ்வொரு வெடியும் சின்னதுதான். ஆனால் இடைவெளி கிடையாது. விளம்பர ஒலியும் அப்படியே. உச்சத்தை உயர்த்துவதில்லை, தாழ்வான சத்தங்களையெல்லாம் தூக்கி உச்சத்துக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுகிறார்கள். மூச்சுவிட இடமில்லாமல் ஒரே மட்டமாய் இரைகிறது. உச்சத்தை மட்டும் அளக்கிறவனிடம், "நாங்கள் எல்லை மீறவில்லையே!" என்று சாதிக்கலாம்.

"ரிமோட் உங்கள் கையில்தானே இருக்கிறது?" என்கிறார்கள் சானல்காரர்கள். பேஷான உபதேசம்! தெருவில் கல்லை எறிந்துவிட்டு, "குனிய உங்களுக்கு முதுகு இல்லையா?" என்று கேட்கிற நியாயம் இது. இந்தப் பக்கத்தில் ஒற்றை அறை வீடுகள் எத்தனையோ. பகலெல்லாம் பட்டாசு ஆலையில் உட்கார்ந்து இடுப்பொடிந்து வந்தவள் தூங்குவதும், பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதும், பாட்டி டெலிவிஷன் பார்ப்பதும் அந்த ஓர் அறையில்தான். 2006-இல் தமிழக சர்க்கார் இலவசக் கலர் டெலிவிஷன் கொடுக்கத் தொடங்கியது. கூடவே இன்னோர் அறை கொடுக்கவில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1994-ஆம் வருஷத்துக் கேபிள் டெலிவிஷன் விதிகள், விளம்பர ஒலி மிதமிஞ்சி இருக்கக் கூடாது என்கின்றன. எது மிதம், எது மிஞ்சியது? எண் கிடையாது. எண் இல்லாத விதியை வைத்துக்கொண்டு யாரைப் பிடிப்பது? காது உணருகிற சராசரிச் சத்தத்தை அளக்கும் முறையைச் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006-லேயே வெளியிட்டுவிட்டது. அமெரிக்காவில் 2010-இல் சட்டம் இயற்றி, நிகழ்ச்சியின் சராசரிக்கு மேல் விளம்பரம் போகக் கூடாதென்று 2012 டிசம்பரிலிருந்து அமலாக்கினார்கள். ஆகவே, அளக்க முடியாது என்கிற சாக்கு இனிச் செல்லாது.

சரவெடிக்கு மட்டும் நம் சர்க்காருக்குக் கணக்கு நன்றாகவே வந்தது. கோத்த வெடிகளின் எண்ணிக்கை கூடக்கூட, ஒவ்வொரு வெடியின் சத்தமும் குறைய வேண்டும் என்று அதே 1999 விதியில் எழுதினார்கள். நூறு வெடி கோத்தால் பத்து டெசிபல் தள்ளுபடி! அதுவும் போதாதென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு சரவெடி செய்வதையும் விற்பதையுமே தடுத்துவிட்டது. தீபாவளியன்று வெடிக்கவும் இரண்டே மணி நேரம். தமிழ்நாட்டில் காலையில் ஒன்று, இரவில் ஒன்று. சரம் கோத்துப் பிழைத்த கைகள் வேறு வேலை தேடின. காதுக்கும் காற்றுக்கும் நல்லதென்றால் இருக்கட்டும்; நான் அதை எதிர்க்கவில்லை.

ஆனால், மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் என்று விதியே அனுமதித்து, வருஷம் முழுவதும் வீட்டுக்குள் வெடிக்கிற சரத்துக்கு என்ன பதில்? எங்கள் தொழிலுக்கு எண் எழுதிய அதே பேனாவால், தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அந்த 1994 விதியிலும் ஓர் எண்ணை எழுதட்டும்.