பூட்டிய கதவை விதி என்பதா?

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு, உள்ளே இருந்தவர்களோடு எரிந்துபோனது. செய்தியறிந்த நபி (ஸல்) அவர்கள், நெருப்பு உங்கள் பகை என எச்சரித்து, உறங்குமுன் அதை அணைத்துவிடப் பணித்தார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான செய்தி இது. விதியென்று சொல்லி அவர்கள் கடந்து செல்லவில்லை.

நாமோ அவ்வாறே கடந்துவிடுகிறோம். 2012 நவம்பர் 24 அன்று டாக்கா அருகே தஸ்ரீன் ஆடைத் தொழிற்சாலையில் 110க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தரைத்தளத்தில் குவித்திருந்த துணியிலும் நூலிலும் தீ பரவியது. அபாய மணி கேட்டு எழுந்தவர்களை மேலாளர்கள் மீண்டும் வேலைக்கு அமர்த்தினர். வழிகள் பூட்டிக்கிடந்தன, படிக்கட்டுகளோ எரிந்துகொண்டிருந்த தரைத்தளத்திற்கே இறங்கின. அவ்வாண்டு செப்டம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸில் 250க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அது திட்டமிட்டு வைத்த தீ என 2020இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வைத்தவர் குற்றவாளியே. ஆனால் அங்கும் கதவுகள் பூட்டியிருந்தன, ஜன்னல்களில் இரும்புக் கம்பிகள் இருந்தன. அவை தீ வைத்தவரின் வேலையல்ல.

இரு ஆலைகளிலும் முதலாளியும் பெரும்பாலான தொழிலாளரும் ஒரே கிப்லாவை நோக்கித் தொழுதவர்கள். ஆதலால் இதை அயலார் கதையாக நாம் ஒதுக்க இயலாது. ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலிலும் கடைவீதிகளிலும் நம்மவர் பலர் முதலாளிகள். சரக்கு களவுபோகுமென்று பின்கதவைப் பூட்டுவது நாமறியாத பழக்கமன்று. சரக்கு பொருள், உள்ளே நிற்பவரோ அமானிதம். ஸகாத் கணக்கிடச் சரக்கை எண்ணும் நாளிலேனும், மாடிப்படியை அடைத்திருக்கும் அட்டைப்பெட்டிகளையும் எண்ணுவோம். பின்கதவின் சாவி யாரிடம் இருக்கிறது என்றும் கேட்போம்.