குசினிப் பக்கம் வராதே!

புத்தகப் பைக்குள் இருப்பதுதான் படிப்பு என்று நாம் எப்போது முடிவு கட்டினோம்? தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் இன்று பாலர் பாடசாலை வரை நீண்டுவிட்டது. நான்கு வயதுப் பிள்ளை கோட்டுக்குள் எழுத்து எழுதவில்லையே என்று உம்மாமார் கவலைப்படுகிறார்கள். அதே பிள்ளை குசினிப் பக்கம் எட்டிப் பார்த்தால், "இங்கே உனக்கு என்ன வேலை? போய்ப் படி" என்று விரட்டுகிறார்கள். அந்த வயதில் படிப்பு நடக்கும் இடத்திலிருந்துதான் விரட்டுகிறோம் என்பது என் கருத்து.

சோற்றுக்கு அரிசி அளப்பதையே பாருங்கள். பிள்ளையின் கையில் சுண்டைக் கொடுத்தால் அது எண்ணப் பழகும். குவித்து அளப்பதற்கும் தலைதட்டி அளப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கை அறியும். அரிசியை அரிக்கும்போது கல் ஏன் அடியில் தங்குகிறது, ஊறவைத்த பயறு ஏன் பெருத்தது என்று கேள்விகள் வரும். பாதி அரிசி நிலத்தில் சிந்தும்தான். கூட்டி அள்ளுவதும் ஒரு பாடமே.

சுவிட்சர்லாந்து உளவியலாளர் ஜீன் பியாஜே, ஒரே அளவு நீரை அகன்ற கிளாஸிலிருந்து ஒடுங்கிய, உயரமான கிளாஸுக்கு ஊற்றிக் காட்டிச் சிறுவர்களிடம் எதில் கூட என்று கேட்டார். ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் பெரும்பாலானோர் உயரமானதில்தான் கூட என்றார்கள். "இல்லை, இரண்டும் ஒன்றுதான்" என்று நாம் சொன்னால் பிள்ளை வாயால் ஒப்புக்கொள்ளும். குளிக்கும் வாளியில் கோப்பையால் ஊற்றி ஊற்றி விளையாடும் பிள்ளைக்கு அதைத் தானே கண்டுபிடிக்க வாய்ப்புக் கிடைக்கிறது. நாமோ "தண்ணீரை வீணாக்காதே" என்று கோப்பையைப் பறிக்கிறோம்.

பிரேசில் நாட்டின் ரெஸீஃபே நகரச் சந்தையில் தேங்காய் போன்றவற்றை விற்ற ஐந்து சிறுவர்களைப் பற்றி 1985இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. வாங்குபவர் போலப் போய் விலை கேட்டபோது, அவர்கள் கணக்கில் 98 சதவீதம் சரியாக இருந்தது. அதே போன்ற கணக்குகளை எண்களாக மட்டும் தாளில் கொடுத்தபோது 37 சதவீதமே சரி. சிறுவர்கள் உழைக்கப் போக வேண்டும் என்று சொல்ல இதை எழுதவில்லை. மூலைக்கடையில் பாண் வாங்கி மிச்சக்காசை எண்ணிப் பார்க்க விட்டால் போதும்.

நம் மார்க்கத்திலும் இதற்கு அழகான முன்மாதிரி உண்டு. நபி (ஸல்) அவர்களின் பராமரிப்பில் வளர்ந்த சிறுவர் உமர் இப்னு அபீ ஸலமா (ரழி) சாப்பிடும்போது, அவரது கை தட்டெங்கும் அலைந்தது. பிஸ்மில்லாஹ் சொல்லும்படியும், வலக்கையால் உண்ணும்படியும், தன் பக்கத்தில் உள்ளதை எடுக்கும்படியும் நபியவர்கள் சொல்லிக் கொடுத்தார்கள். அதன் பின் தாம் அப்படியே உண்டு வந்ததாக அவரே அறிவித்திருப்பது புஹாரி கிரந்தத்தில் உள்ளது. சாப்பாட்டுக்கு நடுவே, அந்த நிமிடத்திலேயே, சில வார்த்தைகளில் முடிந்த பாடம் அது. நம் வீடுகளில் சஹனைச் சுற்றி உட்காரும் பிள்ளைகள் இன்றும் அதை அப்படித்தான் பழகுகிறார்கள். கையில் ஃபோனைக் கொடுத்துத் தனியாக ஊட்டிவிடும் பிள்ளைக்கு அது எப்படிக் கிடைக்கும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திட்டமிடாமல் கற்பவை எல்லாம் நல்லவையாக இருப்பதில்லை. கடன் கேட்டு வந்தவரிடம் "வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்லு" என்று அனுப்பினால், பிள்ளை அதையும் படிக்கும். ஆட்டோக்காரரிடம் நாம் கதைக்கும் தொனியையும் படிக்கும். அதனால்தான் இதைச் சின்ன விடயம் என்று ஒதுக்க முடியாது.

வேலைக்குப் போகும் உம்மாமாருக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அவர்கள் மேல் இன்னொரு சுமையை ஏற்ற நான் விரும்பவில்லை. ஆனால் இது தனியாக நேரம் ஒதுக்கிச் செய்யும் வேலை இல்லையே. எப்படியும் உடுப்பு மடிக்கத்தான் போகிறோம்; பிள்ளை பக்கத்தில் இருந்து சோடி சேர்க்கட்டும். அடுப்பும் கிணறும் ஆபத்துத்தான். அங்கே கண் இருக்க வேண்டும். வாப்பாமாரும் இருக்கிறார்கள், நானாமாரும் இருக்கிறார்கள். குசினி பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று வைத்திருப்பதால், நம் தம்பிமார் சுண்டைத் தொடாமலே வளர்கிறார்கள். அளக்கவும் ஊற்றவும் சிந்தினால் கூட்டவும் அவர்களையும் கூப்பிடுங்கள்.