ஆராய்ச்சிக் கணக்கு வயலுக்கும் வரணும்

கன்னிப்பூவோ கும்பப்பூவோ, நாற்றுப் பாவுகிற காலம் வந்தால் இரணியல் பக்கத்து ஏலாக்களில் ஒரே கேள்விதான்: "இந்தப் பூவுக்கு எந்த விதை?" திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்தின் டி.பி.எஸ். ரகங்கள் நமக்குப் புதுசு இல்லை. ஏக்கருக்கு எவ்வளவு விளையும், எத்தனை நாள் பயிர் என்று துண்டறிக்கையில் இருக்கும். யூரியா போடாமல் தொழுவுரமும் பசுந்தழையும் மட்டும் போட்டால் எவ்வளவு விளையும்? அது இருக்காது. நமக்கு வேண்டிய கணக்கு அதுதானே!

டி.பி.எஸ். 1 எப்படி வந்தது? ஐ.ஆர். 8 நெல்லோடு நம்ம கட்டிச்சம்பாவை ஒட்டுச் சேர்த்து வந்தது. கட்டிச்சம்பாவைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் உழவர்கள். விதை நம்மிடமிருந்து போனது. ஆராய்ச்சிக்கான பணம் நம்ம வரிப்பணம். அப்படியானால் சோதனை முடிவு முழுசும் நமக்குச் சேர வேண்டியதுதான். இதில் சலுகை கேட்க ஒன்றுமில்லை.

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013-லேயே திறந்த அணுகல் கொள்கை கொண்டுவந்தது. அதன் விஞ்ஞானிகள் எழுதும் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் கட்டுரை ஆங்கிலத்தில் இருக்கிறது. அதிலும் சராசரிக் கணக்குதான் மிஞ்சுகிறது. எந்த வயலில் பயிர் சாய்ந்தது, எங்கே குலைநோய் வந்தது, எந்த மழையில் பதராய்ப் போனது என்ற விவரம் பதிவேட்டிலேயே தங்கிவிடுகிறது. தோற்றுப்போன சோதனையிலும் உழவனுக்குப் பாடம் உண்டு.

தரவை மூடி வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு பி.டி. கத்திரிக்காய் சாட்சி. மஹிகோ நிறுவனத்தோடு நம்ம தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் அதில் கூட்டு. நச்சுத்தன்மை, ஒவ்வாமை பற்றிய சோதனை விவரங்களை 'வணிக ரகசியம்' என்றார்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு, நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2008-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் விவரம் வெளியே வந்தது. வெளி விஞ்ஞானிகள் அதைப் படித்துக் கேள்வி எழுப்பினார்கள். 2010 பிப்ரவரி 9 அன்று மத்திய அரசு அதை நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மரபணு திருத்திய இரண்டு நெல் ரகங்களை அறிவித்தார்களே, அவற்றின் சோதனை விவரமும் ஒன்று விடாமல் பொதுவில் வரணும்.

"எல்லாத்தையும் திறந்துவிட்டால் கம்பெனிக்காரன் அள்ளிக்கொண்டு போகமாட்டானா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான பயம். டாக்டர் ரிச்சாரியா பாடுபட்டுச் சேர்த்த ஆயிரக்கணக்கான நெல் ரகங்களை சத்தீஸ்கர் வேளாண் பல்கலைக்கழகம் 2002-ல் சின்ஜென்டாவோடு பகிர இருந்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகே அந்த ஒப்பந்தம் நின்றது. ஆனால் கவனியுங்கள், அந்த ஒப்பந்தம் பேசப்பட்டதே மூடிய அறைக்குள்தான். எல்லோர் கண்ணிலும் பட்டதும்தான் அது நின்றது. ஆகவே தரவு திறந்திருக்கட்டும். விதையை எவனும் காப்புரிமை போட்டுப் பூட்டக்கூடாது. எந்த ஊர் உழவரிடமிருந்து வந்த விதை என்பதும் பதிவாகணும். விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்க நமக்குள்ள உரிமையை 2001-ஆம் ஆண்டுச் சட்டமே ஒத்துக்கொள்கிறது.

நாம் கேட்க வேண்டியது மூன்று. ஒவ்வொரு ரகத்தின் சோதனை முடிவும் தமிழில் வேண்டும். ரசாயனம் போடாத வயலிலும் சோதிக்க வேண்டும். தோல்வியையும் சேர்த்து வெளியிட வேண்டும். அடுத்த வயல் விழாவில் எழுந்து கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. கேட்காமலே தகவலை வெளியிட வேண்டிய கடமை அரசு நிறுவனங்களுக்கு உண்டு என்று அதன் 4-ஆம் பிரிவு சொல்கிறது.

நம் பங்கும் உண்டு. விதைத்த நாள், இட்ட உரம், பெய்த மழை, வந்த பூச்சி, கண்ட மகசூல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். விதைத் திருவிழாவில் விதையோடு அந்தக் கணக்கையும் பகிருங்கள். கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கிற உழவனை எந்த அதிகாரியும் லேசில் தட்டிக்கழிக்க முடியாது.