திருத்தத் தெரியாதவர்கள் விலை சொல்லும் காலம்

"திரையை மாற்ற வேண்டும் அங்கிள். நாற்பத்தையாயிரம் முடியும். ஆனால் இந்தப் பழைய மெஷினுக்கு அவ்வளவு செலவழிப்பது வீண். புதிதாக ஒன்றை எடுத்துவிடுங்கள்."

கொழும்பில் உள்ள ஒரு கணினிக் கடையில், கண்ணாடி மேசைக்கு அப்பால் நின்ற இளைஞர் இந்தத் தீர்ப்பை வழங்க எடுத்துக்கொண்ட நேரம் இரண்டு நிமிடங்களுக்கும் குறைவு. என் மடிக்கணினியைத் திறந்தார், திரை துடிப்பதைப் பார்த்தார், மூடினார். ஒரு திருகாணியைக்கூடத் தொடவில்லை. எப்போது தொடங்கியது, கீழே விழுந்ததா, எந்நேரமும் துடிக்கிறதா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

விசாரிக்காமல் செய்தி எழுதிக்கொண்டு வரும் நிருபருக்கு ஆசிரியபீடத்தில் என்ன நேரும் என்பதைப் பல தசாப்தங்கள் கண்டவன் நான். இங்கோ விசாரணையே இன்றி நாற்பத்தையாயிரம் ரூபாவுக்குத் தீர்ப்பு எழுதப்படுகிறது. அந்த இயந்திரத்தினுள் பத்து வருடக் கட்டுரைகளும் பாதியில் நிற்கும் ஒரு நூலும் இருக்கின்றன. திரை பழுதானால் கோப்புகள் பழுதாவதில்லை என்ற ஓர் ஆறுதல் வார்த்தையையாவது அவர் சொல்லியிருக்கலாம். அதற்குப் பதிலாக, கோப்புகளைப் புதிய கணினிக்கு மாற்றுவதற்குத் தனிக் கட்டணம் என்றார்.

கணினியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பினேன். அந்தக் கடையில் நடந்திருக்க வேண்டிய விசாரணையை நானே நடத்துவதென்று முடிவெடுத்தேன்.

முதற் கேள்வி: குற்றம் மென்பொருளிலா, உடலிலா? கணினியை முடுக்கியவுடன், விண்டோஸ் தொடங்குமுன், அதன் அடிப்படை அமைப்புப் பக்கத்துக்குப் போகலாம். பயோஸ் என்பார்கள். அங்கு திரை அமைதியாக இருந்து விண்டோஸ் வந்தபின் மாத்திரம் துடித்தால், பெரும்பாலும் வரைகலைக்கான டிரைவர் மென்பொருளே காரணம். அதை இற்றைப்படுத்தினால் அல்லது முந்திய பதிப்புக்குத் திருப்பினால் காசு செலவின்றிக் காரியம் முடியலாம். அத்தகையோர் டாஸ்க் மானேஜரைத் திறந்து பார்க்கட்டும். திரை முழுவதும் துடிக்கையில் அதுவும் சேர்ந்து துடித்தால் டிரைவரைச் சந்தேகிக்க வேண்டும். அது மாத்திரம் அசையாது நின்றால் ஏதோவொரு செயலியைச் சந்தேகிக்க வேண்டும். எனது திரை பயோஸ் பக்கத்திலேயே துடித்தது. ஆகவே மென்பொருள் விடுதலை.

இரண்டாவது கேள்வி: உடலென்றால், எந்த உறுப்பு? வீட்டுத் தொலைக்காட்சியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகினேன். அதில் படம் கல்லில் எழுதியதுபோல் அசையாது நின்றது. படத்தை உருவாக்கும் பகுதி நலமாக இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மூன்றாவது கேள்விக்கு ஒரு விரல் போதுமானதாக இருந்தது. மூடியை மெல்ல முன்னும் பின்னும் அசைத்தேன். ஒரு கோணத்தில் துடிப்பு பெருகியது; இன்னொரு கோணத்தில் முற்றாக நின்றது. திரையே கெட்டிருந்தால் மூடியின் கோணத்தை அது இவ்வளவு பொருட்படுத்தாது. பலகைச் சுற்றிலிருந்து பிணைச்சலின் ஊடாகத் திரைக்குச் செல்லும் மெல்லிய கேபிள் ஒன்று உண்டு. படத்தையும் பின்னொளிக்கான மின்சாரத்தையும் அதுவே கொண்டு செல்கிறது. மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு தடவையும் அது வளைகிறது. ஆண்டுக்கணக்கில் வளைந்தால் கம்பியும் களைக்கும். குற்றவாளி அதுவே. மாற்ற வேண்டியது நாற்பத்தையாயிரம் ரூபாத் திரையன்று, ஒரு கேபிள்.

இது மலிவான கணினிகளின் நோய் என்று எவரும் எண்ண வேண்டாம். அப்பிள் நிறுவனத்தின் 2016 மக்புக் புரோ கணினிகளில் இத்தகைய கேபிள் தேய்வதால் பின்னொளி கெடுகிறது என்பதை 2019 ஜனவரியில் ஐஃபிக்ஸிட் என்ற திருத்தல் தளம் வெளிக்கொணர்ந்தது. அந்தக் கேபிள் திரையோடு ஒன்றாகப் பொருத்தப்பட்டிருந்தமையால், சிறு கேபிளுக்காகத் திரைத் தொகுதி முழுவதையும் மாற்ற வேண்டியிருந்தது. 2018 மாதிரியில் கேபிள் ஏறத்தாழ 2 மில்லிமீற்றர் நீட்டப்பட்டிருந்தது. 2019 மே மாதத்தில் 13 அங்குல மாதிரிக்கு இலவசத் திருத்தத் திட்டம் அறிவிக்கப்பட்டது; 15 அங்குலக் கணினியை வாங்கியவர்கள் அதில் சேர்க்கப்படவில்லை. இரண்டு மில்லிமீற்றர் சிக்கனத்துக்கு விலை கொடுத்தவர்கள் யார் என்று சொல்லத் தேவையில்லை.

என் மாதிரிக்கான கேபிளைத் தேடுகிறேன், இன்னும் அகப்படவில்லை. ஆனால் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. பாவித்த 19 அங்குல மொனிட்டர் ஒன்றை 8,000 ரூபாவுக்கு வாங்கினேன், கேபிளுக்கு 1,200. விண்டோஸ் விசையையும் பி விசையையும் ஒன்றாக அழுத்தி, இரண்டாவது திரையை மட்டும் தெரிவு செய்தேன். வெப்பம் வெளியேறட்டும் என்று மூடியைப் பாதி திறந்தே வைத்திருக்கிறேன். பயணம் போகும் நாட்களில், துடிக்காத அந்தக் கோணத்தைக் கண்டு அதிலேயே நிறுத்தி, பின்புறம் ஒரு கொப்பி மட்டையை மடித்து அண்டை கொடுக்கிறேன். மொத்தச் செலவு 9,200 ரூபா. முதிய கண்களுக்குப் பெரிய எழுத்து கிடைத்தது இலாபம்.

இதைக் கேட்ட ரொறன்ரோவில் வாழும் என் மருமகன் தொலைபேசியில் சிரித்தார். "மாமா, உங்கட நேரத்துக்கு விலையில்லையோ? நான் ஒன்று வாங்கி அனுப்புறன்." அன்பில் குறையில்லை. ஆயினும் அவரிடம் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். நான் செலவழித்தது ஒரு பின்னேரம். புதியதை வாங்கி, அனைத்தையும் மாற்றி, பழகுவதற்கு அதைவிட அதிகம் பிடித்திருக்கும்.

மேலும், திருத்துவதென்பது நம்மவர்க்குப் புதிதா? தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடைக்குள் யாழ்ப்பாணம் எப்படி உயிர் வாழ்ந்தது? பெற்றறி தடைசெய்யப்பட்டபோது சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்டோம். பெற்றோல் இல்லாதபோது, சில துளிகளால் முடுக்கி மண்ணெண்ணெயில் வாகனம் ஓட்டினோம். ஜாம் போத்தலில் திரியிட்டுப் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். அச்சுத்தாள் வராதபோது கொப்பித் தாளிலும் பத்திரிகை வந்தது. அந்தத் தலைமுறையின் பிள்ளைகள் இன்று ஒரு கேபிள் தேய்ந்ததற்காகக் கணினியைக் குப்பையில் போடுகிறார்கள். வறுமையை மீண்டும் அழைக்கவில்லை. அந்த வறுமை கற்றுத்தந்த அறிவை ஏன் எறிந்தோம் என்றுதான் கேட்கிறேன்.

மேசைக்கு அப்பால் நின்ற இளைஞர் மீது எனக்குக் கோபமில்லை. விற்பதற்குப் பயிற்சி பெற்றவரிடம் திருத்தத்தை எதிர்பார்த்தது என் தவறாகவும் இருக்கலாம். கோபம் அவரை அங்கு நிறுத்திய வணிகத்தின் மீதுதான். 2022இல் டொலருக்கு ஏறத்தாழ இருநூறு ரூபாவாக இருந்த பெறுமதி சில மாதங்களில் முந்நூற்றறுபதைத் தொட்டதை அனுபவித்த நாடு இது. இங்கு தேவையின்றி இறக்கப்படும் ஒவ்வொரு கணினியும் டொலரில் செலுத்தப்படுகிறது. அதே 2022இல் உலகம் 62 மில்லியன் தொன் மின்னணுக் கழிவை உற்பத்தி செய்தது. முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவானது அதில் காற்பங்குக்கும் குறைவு.

பிற நாடுகள் விழித்துவிட்டன. பிரான்சில் 2021 முதல் மடிக்கணினிகள் திருத்தத்தக்கவையா என்பதற்கான புள்ளியை விற்பவர் காட்ட வேண்டும். நியூயோர்க் மாநிலம் 2022இல் திருத்தும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அதற்கான பணிப்புரையை நிறைவேற்றியது. நம்மிடமும் 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்துவதை அது தடை செய்கிறது. பரிசோதிக்காமலே "திரை போய்விட்டது" என்று சொல்வதை வழிகாட்டல் என்பதா, தவறான வழிநடத்தல் என்பதா?

எல்லாவற்றையும் கட்டிப்பிடித்து வைத்திருங்கள் என்று நான் வாதாடவில்லை. பெற்றறி வீங்கியிருந்தால், எரியும் மணம் வந்தால், உடனே நிறுத்தி அறிந்தவரிடம் கொடுங்கள். அங்கு சிக்கனம் ஆபத்து. மின்னிணைப்பு இருக்கையில் எந்தக் கணினியையும் திறக்க வேண்டாம். ஆனால் துடிக்கும் திரை மரணச் சான்றிதழ் அன்று.

அடுத்த முறை எவரேனும் உங்களுக்கு அப்படித் தீர்ப்பு வழங்கினால் மூன்றே கேள்விகள் கேளுங்கள்: வேறு திரையில் இணைத்துப் பார்த்தீர்களா? மூடியை அசைத்துப் பார்த்தீர்களா? கேபிளை மாத்திரம் மாற்றினால் என்ன விலை? பதில் இல்லையென்றால் பணப்பையைத் திறக்காமல் வீட்டுக்கு வாருங்கள்.

இந்தக் கட்டுரை அதே பழைய கணினியில்தான் எழுதப்பட்டது.